தீனிக்குக் குறைவில்லை, அப்புறம் ஏன் முட்டை இல்லை? பிளாக்கிஸ்டன் மீன் ஆந்தையின் கூண்டு இனப்பெருக்கம்

1. மோயாறு முத்து

எல்லோருக்கும் வணக்கம். தெப்பக்காட்டுப் பக்கம் ஆற்றோர மரங்களில் மீன் பிடித்துத் தின்னும் பூமன் ஆந்தை ஜோடி ஒன்றை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். அதைப் பற்றிப் படிக்கப் போய், அதற்குப் பெரியப்பா முறை ஆகும் இன்னொரு ஆந்தையிடம் மாட்டிக்கொண்டேன். பிளாக்கிஸ்டன் மீன் ஆந்தை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவு, பக்கத்தில் குனாஷிர் தீவு, ரஷ்யாவின் தூரக் கிழக்கில் பிரிமோரியேவும் அதைச் சுற்றிய காடுகளும், கொஞ்சம் வடகிழக்குச் சீனா. அவ்வளவுதான் அது வாழும் இடம். பெட்டை நாலரைக் கிலோ வரை எடை வரும், சிறகை விரித்தால் ஆறடி. இதைவிடப் பெரிய ஆந்தை உலகில் இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். 1980களில் ஹொக்கைடோவில் சுமார் 70 பறவைகள்தான் மிஞ்சியிருந்தன. 1984 முதல் அரசு காட்டில் கூட்டுப்பெட்டி வைத்து, மீனும் போட்டு வருகிறது. இன்னொரு பக்கம் குஷிரோ நகர உயிரியல் பூங்காவில் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்யப் பார்த்தார்கள். அங்கே முதல் வெற்றி கிடைக்கவே 1990கள் ஆகிவிட்டது. கூண்டில் வேளாவேளைக்கு மீன் உண்டு, எதிரி கிடையாது, வைத்தியரும் இருக்கிறார். உறைந்த ஆற்றில் மீன் தேடி அலையும் காட்டு ஜோடியைவிடக் கூண்டு ஜோடிதானே சுலபமாக முட்டையிட வேண்டும்? ஏன் இத்தனை இழுபறி?

2. இரவாடி

முத்து, தீனியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் கேள்வி நியாயம்தான். ஆனால் இந்தப் பறவையிடம் பூட்டு வேறு இடத்தில் தொங்குகிறது. துணை சரியாக அமைந்தால்தான் மற்றதெல்லாம்.

இதன் ஜோடிக்குரலைக் கேட்டிருக்கிறீர்களா? பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். மிகவும் தாழ்ந்த குரல், மார்பில் அதிர்கிற மாதிரி இருக்கும். ஹொக்கைடோ ஜோடி என்றால் ஆண் இரண்டு முறை கூவும், பெட்டை உடனே ஒரு முறை பதில் சொல்லும். ரஷ்யப் பக்கத்து ஜோடிகளிடம் இது நாலு குரலாக இருக்கும்: ஆண், பெட்டை, மறுபடி ஆண், மறுபடி பெட்டை. இடைவெளி அவ்வளவு கச்சிதம் என்பதால், முதல்முறை கேட்பவர் ஒரே பறவைதான் கூவுகிறது என்று சத்தியம் செய்வார். வீடியோவில் பார்த்தால்தான் பிடிபடும். கூவும்போது தொண்டையில் இருக்கும் வெள்ளைத் திட்டு புடைத்து எழும். இருட்டில் உடம்பு தெரியாவிட்டாலும் அந்த வெள்ளை தெரியும். ஆணின் வெள்ளை எழுந்து அடங்குவதற்குள் பெட்டையின் வெள்ளை எழுந்துவிடும். குளிர்காலக் கடைசியில், முட்டையிடுவதற்கு முந்தைய வாரங்களில், இந்தக் கூவல் ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் கேட்கும்.

இந்த ஒத்திசைவு இரண்டு பறவைகள் தாமாகவே பழகிக் கொண்டுவருவது. நாம் ஓர் ஆணையும் ஒரு பெட்டையையும் பிடித்து ஒரே கூண்டில் விட்டால், அவை பக்கத்துப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் தனித்தனியாகக் கூவிக்கொண்டிருக்கலாம். சேர்ந்து கூவாத ஜோடியிடம் முட்டையை எதிர்பார்ப்பது வீண் என்பது என் கருத்து.

பூங்காக்களுக்கு வந்து சேரும் பறவைகள் பெரும்பாலும் அடிபட்டு மீட்கப்பட்டவை, அல்லது அவற்றின் வாரிசுகள். மொத்தமே கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். அதில் வயது ஒத்துவர வேண்டும், ரத்த உறவு இருக்கக்கூடாது. ஆண் பெண் வித்தியாசமும் சுலபமாகக் கண்ணுக்குத் தெரியாது. இறகு நிறம் ஏறத்தாழ ஒன்றுதான், பெட்டை பருமன் என்றாலும் எடைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். குரலை வைத்தோ மரபணுச் சோதனை செய்தோதான் உறுதிப்படுத்த வேண்டும். இனப்பெருக்க வயதுக்கு வரவே மூன்று வருடம் ஆகும். ஒரு ஜோடி ஒத்துவரவில்லை என்று புரிந்து பிரித்து, வேறு துணை தேடி, அது பழகி முடிப்பதற்குள் எத்தனை வருடம் ஓடியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

3. நாமக்கல் பொரிப்பகம்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் கோழிக்காரன், ஆந்தை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் முட்டை தெரியும்.

ஜோடி சேர்வது கஷ்டம், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேர்ந்த ஜோடி ஒன்று கிடைத்துவிட்டால் முதல் முட்டையை எடுத்து மெஷினில் வைத்துவிட வேண்டியதுதானே? அடையில் முட்டை இல்லை என்றால் பெட்டை திரும்ப இடும். நாட்டுக்கோழியே அப்படித்தான். எங்களிடம் அடை மெஷினான செட்டரில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட், 18 நாள், அப்புறம் பொரிக்கும் மெஷினான ஹேச்சரில் 3 நாள். முட்டையை மணிக்கொருதரம் திருப்புவது, ஈரப்பதம், வெளிச்சம் காட்டிக் கரு பார்க்கும் கேண்டிலிங், எல்லாம் மெஷினே பார்த்துக்கொள்ளும். இந்த ஆந்தைக்கு எத்தனை நாள் அடை?

4. இரவாடி

மேற்கோள்: "இந்த ஆந்தைக்கு எத்தனை நாள் அடை?"

ஏறத்தாழ 5 வாரம் அண்ணே. பெட்டை மட்டும்தான் அடையில் உட்காரும். ஆண் மீன் கொண்டுவந்து கொடுக்கும்.

நீங்கள் சொல்வது நல்ல வழிதான், வேறு ஆந்தைக்கு நடக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாங்லி என்ற ஊரில் வடக்குப் புள்ளி ஆந்தைக்காக 2007ல் ஓர் இனப்பெருக்க மையம் தொடங்கினார்கள். நம்மூர்ப் புள்ளி ஆந்தையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு இனம், வட அமெரிக்காவின் பழங்காட்டு ஆந்தை. அங்கே முட்டையை எடுத்துக்கொண்டு பெட்டைக்கு அடியில் போலி முட்டை வைக்கிறார்கள். நிஜ முட்டை சுமார் 32 நாள் இன்குபேட்டரில் இருக்கும். குஞ்சு பொரிந்ததும் கொஞ்ச நாள் கையால் ஊட்டி, தேறியதும் பெற்றோரிடமே திருப்பி வைத்துவிடுகிறார்கள். போலி முட்டையின்மேல் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த பெட்டை குஞ்சைக் கண்டதும் ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் கோழியோடு ஒப்பிடும்போது இரண்டு சிக்கல் வரும். முதலாவது, இந்த மீன் ஆந்தை ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு முட்டைதான் இடும். மெஷினில் ஒன்று கெட்டால் உங்களுக்கு ஆயிரத்தில் ஒன்று, அவர்களுக்கு அந்த வருடமே போச்சு. இரண்டாவது, குஞ்சை மனிதக் கையில் அதிக நாள் வைத்தால் இம்ப்ரிண்ட் ஆகிவிடும். மனிதனைத் தன் இனம் என்று நினைக்க ஆரம்பித்த ஆந்தை வளர்ந்தபின் வேறு ஆந்தையைத் திரும்பிப் பார்க்காது. அதாவது குஞ்சு கிடைக்கும், அடுத்த தலைமுறை ஜோடி கிடைக்காது.

5. நாமக்கல் பொரிப்பகம்

அப்படியென்றால் ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை, அதில் ஒன்று கூமுட்டை என்றால் நான் கடையை மூடிவிட்டு ஓடியிருப்பேன். அவர்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

6. சப்போரோவாசி

நான் ஹொக்கைடோவில்தான் வேலை பார்க்கிறேன். இந்தப் பேச்சு தமிழில் ஓடுகிறது என்று நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார்.

இங்கே குஷிரோ, அசஹிகாவாவில் இருக்கும் அசஹியாமா, சப்போரோவின் மருயாமா ஆகிய பூங்காக்களில் இந்த ஆந்தை உண்டு. பெரும்பாலும் சனங்கள் பார்க்கும் கூண்டில் இருக்கும் பறவை வேறு, இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஜோடி வேறு. ஜோடிகளை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வைப்பார்கள். அடைக்காலத்தில் பராமரிப்பவரே கூண்டுக்குள் கால்வைக்காமல் கேமராவில் பார்ப்பதுதான் வழக்கம். மார்ச் மாதம் இங்கே இன்னும் முழங்கால் பனி. அந்தப் பனியில்தான் பெட்டை அடையில் இருக்கும். பயந்து எழுந்துபோய்த் திரும்பாமல் நின்றுவிட்டால் முட்டை விறைத்துவிடும். அதனால்தான் இந்தக் கெடுபிடி.

பெட்டை அடைகாப்பதைக் கேமராவில் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒன்றுமே நடக்காது. அலகைத் தாழ்த்தி முட்டையை ஒரு தள்ளு, உடம்பை ஒரு ஆட்டு ஆட்டி மறுபடி அமர்வு. மணிக்கணக்கில் அதே. பொழுது சாய்ந்ததும் ஆண் மீனோடு வந்து பெட்டி விளிம்பில் நிற்கும். பெட்டை சில சமயம் அங்கேயே வாங்கித் தின்னும், சில சமயம் வெளியே போய்ச் சிறகை நீட்டி முறித்துவிட்டு உடனே திரும்பும். அடைக்கு முந்தைய வாரங்களிலும் இந்த மீன் கொடுக்கல் வாங்கல் நடக்கும். ஆண் கொண்டுவரும் மீனைப் பெட்டை வாங்கத் தொடங்கினால் ஜோடி ஒட்டிவிட்டது என்று பராமரிப்பவர் மூச்சு விடுவார். கூண்டில் தானாகப் போய் எடுத்துக்கொள்ளத் தொட்டி நிறைய மீன் இருக்கும்போதும் அது ஆண் கையால்தான் வாங்கித் தின்னும். முத்துவின் கேள்விக்கு இதிலும் கொஞ்சம் பதில் இருக்கிறது. தீனி தொட்டியில் இருந்தால் போதாது, ஆண் கொண்டுவர வேண்டும்.

7. கரிச்சான்

எல்லோரும் சுவையாக எழுதுகிறீர்கள், ஆனால் நான் கொஞ்சம் கசப்பைக் கலக்கிறேன்.

கூண்டில் பார்த்ததை வைத்து 'இந்த ஆந்தை இப்படித்தான்' என்று எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. காட்டில் இதை முறையாகப் பார்த்தவர்களே ரொம்பக் குறைவு. ரஷ்யாவில் பிகின் ஆற்றோரம் 1970களில் யூரி புகின்ஸ்கி பார்த்தார். அதற்கு அப்புறம் 2000களில் செர்கெய் சுர்மாச்சும் அமெரிக்கர் ஜொனாதன் ஸ்லாட்டும் பிரிமோரியேவில் பனிக்காலம் முழுக்கக் கூடாரத்தில் கிடந்து பறவைகளைப் பிடித்து, டிரான்ஸ்மிட்டர் கட்டி, கூட்டு மரங்களைத் தேடினார்கள். அவர்கள் வேலையில் வந்த விஷயம் ஒன்று இந்த இழைக்கு நேராகப் பொருந்தும். ரஷ்யக் காட்டில் ஜோடிகள் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் குஞ்சு வளர்க்கின்றன, அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சு. ஹொக்கைடோவில் தீனி போடப்படும் ஜோடிகள் வருடாவருடம் முயல்கின்றன. புகின்ஸ்கி காலத்தில் அதே ரஷ்யாவில் ஒரு கூட்டில் இரண்டு, மூன்று குஞ்சுகள்கூட இருந்திருக்கின்றன.

அப்படியென்றால் தீனியும் பூட்டுதானே? இரவாடி அதை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்.

8. இரவாடி

ஒதுக்கவில்லை கரிச்சான். காட்டில் மீன்தான் கடிவாளம், சந்தேகமே இல்லை. ஆனால் காட்டு ஜோடி என்று நாம் எண்ணுவதே ஏற்கெனவே ஒன்றையொன்று தேர்ந்தெடுத்த ஜோடியைத்தான். துணை கிடைக்காத பறவையும் ஒத்துவராத பறவையும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கூண்டில் நிலைமை தலைகீழ். தீனி என்ற கேள்வி தீர்ந்துவிட்டது, துணை என்ற கேள்வி மட்டும் பாக்கி. அதனால்தான் அங்கே துணை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இரண்டு இடத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் முழுப் பறவையும் தெரியும்.

துணைதான் பூட்டு என்பதற்கு வேறு ஓர் ஆந்தையின் கதை இருக்கிறது, கூண்டுக் கதை அல்ல. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான நார்ஃபோக் தீவில் பூபுக் ஆந்தை 1986ல் ஒரே ஒரு பெட்டையாக மிஞ்சியிருந்தது. தீனி இருந்தது, பொந்து இருந்தது, ஆண் மட்டும் இல்லை. 1987ல் நியூசிலாந்திலிருந்து நெருங்கிய உறவினத்து ஆண்கள் இரண்டைக் கொண்டுபோய் விட்டார்கள். அதில் ஒன்றோடு அது ஜோடி சேர்ந்து 1989ல் குஞ்சு பொரித்தது. இன்று அந்தத் தீவில் இருக்கும் பறவைகள் எல்லாமே அந்த ஒரு ஜோடியின் வழி வந்தவை.

9. சப்போரோவாசி

மேற்கோள்: "கூண்டில் பார்த்ததை வைத்து 'இந்த ஆந்தை இப்படித்தான்' என்று எழுதுவது"

எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிந்தால் சிக்கல் இல்லை. எத்தனை நாளில் எங்கே போகும், ஆற்றில் எவ்வளவு தூரம் தனக்கென்று காக்கும், எத்தனை குஞ்சு பிழைக்கும், இவற்றைக் கூண்டு சொல்லாது. ஆனால் ஆற்றோரத்தில் 15 மீட்டர் உயரத்துப் பொந்துக்குள், மைனஸ் இருபதில், ராத்திரியில், பெட்டை முட்டையை எப்படிப் புரட்டுகிறது என்று எந்த ஆராய்ச்சியாளர் பார்க்கப் போகிறார்? முட்டை ஓட்டைக் குஞ்சு கீறத் தொடங்குவதிலிருந்து வெளியே வருவது வரை, குஞ்சின் எடை நாளுக்கு நாள் ஏறுவது, கண் திறப்பது, முதல்முறை மீனை முழுதாக விழுங்குவது, இதெல்லாம் கூண்டும் கேமராவும் கொடுத்தவை.

பெட்டிக்குள்ளே கேமரா வைக்கும் வழக்கம் இப்போது காட்டிலும் வந்துவிட்டது. ஹொக்கைடோவில் இயற்கைப் பொந்துள்ள பழைய மரங்கள் வெட்டுப்பட்டுப் போனதால், ஜோடிகள் அதிகம் நம்பியிருப்பது மனிதர் கட்டிவிட்ட பெட்டிகளைத்தான். பெட்டியில் வளரும் பறவையைக் காட்டுப் பறவை என்பதா, அரைக் கூண்டுப் பறவை என்பதா? மீன் போடும் குட்டையில் தின்று, பெட்டியில் முட்டையிட்டு, காலில் வளையம் மாட்டிய பறவை அது. கரிச்சான் போடும் கோடு இங்கே அவ்வளவு நேராக இல்லை.

10. கரிச்சான்

அது சரியான அடி. பெட்டியில் வளரும் பறவையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் பொந்து மரம் திரும்பி வளராமல் பெட்டியையே நம்பிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எல்ம், பாப்லர் மாதிரி ஆற்றோர மரம் இவ்வளவு பெரிய ஆந்தை நுழையும் பொந்தோடு முதிர நூறு வருடத்துக்கு மேல் ஆகும். பெட்டி கட்ட ஒரு மத்தியானம்.

11. மோயாறு முத்து

படிக்கப் படிக்க எங்கள் பூமன் ஆந்தையோடு ஒப்பிடத் தோன்றுகிறது. இங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை இனப்பெருக்கம், ஆறு வற்றி மீன் ஒதுங்கும் சமயம். ஒன்று அல்லது இரண்டு முட்டை, சுமார் 38 நாள் அடை. பொந்து இல்லாவிட்டால் கழுகு விட்டுப்போன பழைய கூட்டிலும் பாறை இடுக்கிலும் வைத்துக்கொள்ளும். ஏழு வாரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும். கால் மொட்டையாக இருக்கும். பிளாக்கிஸ்டனுக்கு மட்டும் காலெல்லாம் இறகு, அந்தக் குளிருக்கு வேண்டித்தானே.

இன்னொன்று, இந்த மீன் ஆந்தைகள் பறக்கும்போது சத்தம் வரும். கூகை மாதிரி ஓசையில்லாமல் பறக்காது. தண்ணீருக்கு அடியில் இருக்கும் மீன் இறக்கைச் சத்தத்தை எங்கே கேட்கப் போகிறது! முகத்தைச் சுற்றி வட்டமாக இருந்து சத்தத்தைக் காதுக்குச் சேர்க்கும் இறகுத்தட்டும், இரையைக் காதால் தேடத் தேவையில்லாததால் அவ்வளவாக இல்லை.

சரி, ஒரு கேள்வி. பிளாக்கிஸ்டன் குஞ்சு எவ்வளவு காலம் தாய் தந்தையோடு இருக்கும்? கூண்டில் அதை எப்போது பிரிப்பார்கள்?

12. சப்போரோவாசி

கூட்டை விட்டு 50 நாள் வாக்கில் இறங்கும். முழுதாகப் பறக்கத் தெரியாது, தத்தித் தத்திக் கிளையேறும். அதற்கு அப்புறம்தான் நீண்ட கதை. மாதக்கணக்கில் பெற்றோர் மீன் கொண்டுவந்து தருவார்கள், ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல், அதே ஆற்றுப் பகுதியில் கூடவே சுற்றும். கத்திக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கீச்சுக் கத்தல் ராத்திரியில் வெகுதூரம் கேட்கும். குஞ்சு இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பதும் அதைக் கேட்டுத்தான்.

ரஷ்யாவில் ஏன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பதும் இதில் புரிகிறது. போன வருடத்துப் பிள்ளை இன்னும் மீன் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கும்போது இந்த வருடத்துக்கு முட்டை எப்படி? கூண்டில் இளம்பறவையை எடுத்து வேறு கூண்டில் வைத்துவிட்டால் ஜோடி அடுத்த பருவத்துக்குத் தயாராகிவிடும். ஆனால் அந்த இளம்பறவை மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டதா என்பதைப் பார்க்காமல் பிரித்தால், அதைக் காட்டில் விடும் எண்ணத்தையே மறந்துவிட வேண்டியதுதான். உயிருள்ள மீன் ஓடும் தண்ணீரைக் கூண்டுக்குள்ளேயே வைப்பது இதற்காகத்தான். செத்த மீன் தட்டில் வைத்து வளர்த்த ஆந்தை ஆற்றோரத்தில் பட்டினி கிடக்கும்.

13. பனங்காட்டான்

புது உறுப்பினர். எங்கள் தோப்பில் காற்றில் விழுந்த கூகைக் குஞ்சு இரண்டு கிடைத்தது. எலிக்கறி கொடுக்கிறேன், நன்றாகத் தின்கிறது. ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் பெரிசானதும் ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்கலாமா? எலித்தொல்லைக்கும் ஆகும்.

14. நெறியாளர்

பனங்காட்டான், உடனே வனத்துறைக்குத் தகவல் கொடுத்து ஒப்படைத்துவிடுங்கள். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆந்தையையும் வீட்டில் வைத்து வளர்க்கக்கூடாது, நல்ல எண்ணத்தோடு என்றாலும்கூட. இனப்பெருக்கம் செய்வதென்றால் அது மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பூங்காவின் வேலை.

சட்டத்தை விடுங்கள். மேலே இரவாடி சொன்ன இம்ப்ரிண்ட் கதை உங்கள் குஞ்சுகளுக்கு இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. தவிர அவை இரண்டும் ஒரே கூட்டில் பிறந்த அண்ணன் தங்கை. கூடு இருந்த இடம் தெரிந்தால், பெற்றோர் சுற்றிவருகிறார்களா என்று இன்றைக்கு ராத்திரியே தள்ளி நின்று பாருங்கள். வனத்துறை ஆள் வந்தால் அதைச் சொல்லுங்கள், திருப்பி வைக்க வழி இருக்கலாம். எலிக்குத்தான் என்றால் தோப்பில் கூகைப் பெட்டி கட்டுங்கள், அதுவாக வரும்.

வீட்டில் ஆந்தை இருக்கிறது என்று ஊரில் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தீபாவளிச் சமயத்தில் மாந்திரீகத்துக்கென்று விலை பேசிக்கொண்டு வருவார்கள். வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010ல் வெளியிட்ட அறிக்கையில் நம் நாட்டின் சுமார் 30 ஆந்தை இனங்களில் 15 கள்ளச் சந்தையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

15. கூண்டுப்பக்கம்

நான் ஒரு பூங்காவில் பறவைப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கே என்று சொல்லவில்லை. இந்த ஜப்பான் ஆந்தையைப் பார்த்ததில்லை, ஆனால் கொம்பன் ஆந்தையும் பூமன் ஆந்தையும் அடிபட்டு வரும், வருடக்கணக்கில் கையாண்டிருக்கிறேன். ஜோடி சேர்ப்பது பற்றி இரண்டு வார்த்தை.

பெரிய ஆந்தையை எப்போதும் நேராகச் சேர்த்துவிடக் கூடாது. பெட்டை பருமன், கோபம் வந்தால் ஆணைக் கொன்றுபோடும். முதலில் நடுவில் கம்பிவலை வைத்துப் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு. ஒன்றையொன்று பார்க்கலாம், கேட்கலாம், தொட முடியாது. ராத்திரி யார் முதலில் கூவுகிறார்கள், மற்றது பதில் சொல்கிறதா, வலையருகே வந்து உட்காருகிறதா, அல்லது எதிர் மூலைக்குப் போய்விடுகிறதா, இதைத்தான் கவனிக்க வேண்டும். ஆண் தன் எலியைத் தின்னாமல் அலகில் வைத்துக்கொண்டு வலைப்பக்கம் நடக்கத் தொடங்கினால் மனசுக்குள் கைதட்டலாம். அப்புறமும் அவசரப்படாமல் கதவை ஒரு மணி நேரம் திறந்து பார்ப்பது, தினமும் கொஞ்சம் கூட்டுவது.

கையால் வளர்த்த ஆணின் கதையும் தெரியும். பராமரிப்பவரின் தொப்பியைப் பெட்டை என்று நினைத்து ஏறும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், எங்களுக்கு அழுகை. அந்த ஆணால் அந்த வருடம் இனப்பெருக்கம் இல்லை, அடுத்த வருடமும் இல்லை.

மேலதிகாரிகள் மாறும்போதெல்லாம் 'ஏன் இன்னும் குஞ்சு இல்லை' என்று ஒரு கேள்வி வரும். கூண்டை மாற்று, ஜோடியை மாற்று என்பார்கள். மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. தொந்தரவு செய்யாமல் சும்மா இருப்பதற்கு ஒரு வேலைத்திட்டம் எழுதிக் கொடுக்க முடியாது என்பதுதான் எங்கள் தொழிலில் கொடுமை.

16. நாமக்கல் பொரிப்பகம்

கூண்டுப்பக்கம் ஐயா எழுதியது அருமை. எங்களுக்கு ஒரு சேவலுக்கு இத்தனை பெட்டை என்று கணக்குப் போட்டு விடுவோம், சேவலிடம் சம்மதம் கேட்டதில்லை.

17. கரிச்சான்

கடைசியாக எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இத்தனை பாடுபட்டுக் கூண்டில் ஒரு குஞ்சு எடுத்தால் அதனால் காட்டுக்கு என்ன? ஹொக்கைடோவில் 70லிருந்து 2018 வாக்கில் 165க்கு மேல் ஏறியது பெரும்பாலும் பெட்டியாலும் தீனியாலும், ஆற்றோரக் காட்டைக் காத்ததாலும். கூண்டுக் குஞ்சுகளால் வந்த எண்ணிக்கை இல்லை. அந்தப் பணத்தை ஆற்றுக்குச் செலவழித்தால் என்ன?

18. சப்போரோவாசி

எண்ணிக்கையைப் பெருக்க என்றால் நீங்கள் சொல்வதே சரி. கூண்டு அதற்கு இல்லை. அது ஒரு கையிருப்பு.

ஹொக்கைடோவின் பறவைகள் ஒரே கூட்டமாக இல்லை. ஷிரெதொகோ, கிழக்கில் அகான் பக்கம், நடுவில் தைசெட்சு, தெற்கில் ஹிதாகா என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. நடுவில் பண்ணை, ரோடு, ஊர். எல்லாமே 70 பறவையிலிருந்து வந்தவை என்பதால் மரபணு வேறுபாடு ஏற்கெனவே குறைவு. ஒரு துண்டில் இளம்பறவை துணை தேடி வெளியே போக வழியில்லை என்றால் உறவுக்குள்ளேயே ஜோடி சேரும். அப்போது வேறு துண்டின் ரத்தத்தைக் கொண்டுவர ஒரு பறவை தேவைப்படும். அதைக் காட்டிலிருந்து பிடித்தால் அங்கே ஒரு ஜோடி உடையும். பூங்காவில் இருந்தால் எடுக்கலாம். எந்தப் பறவை எந்தப் பகுதியின் வழி வந்தது என்று பூங்காக்கள் பதிவு வைத்திருப்பது அதற்காகத்தான்.

இன்னொன்று, அடிபட்டு வரும் பறவைகள். குஷிரோவில் சைட்டோ கெய்சுகே என்ற கால்நடை மருத்துவர் இந்தப் பெரிய வேட்டைப் பறவைகளுக்கென்றே ஒரு நிலையம் நடத்துகிறார். வண்டியில் மோதியவை, மின்கம்பத்தில் கருகியவை அங்கே வருகின்றன. ஆற்றோடு தாழப் பறந்து வரும் ஆந்தை பாலத்தைத் தாண்டும்போது வண்டியில் அடிபடும் என்பதால் பாலத்தின் இரு ஓரத்திலும் கொடிக்கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், கொடியைப் பார்த்து மேலே ஏறிப் பறக்கட்டும் என்று. மின்கம்பங்களில் உட்கார முடியாதபடி தடுப்பு. இவ்வளவும் செய்தும் வருகிற பறவைகளில் சில திரும்பப் பறக்கவே முடியாதவை. ஒரு சிறகு போன பெட்டையால் ஆற்றில் வாழ முடியாது, ஆனால் துணை அமைந்தால் முட்டையிட முடியும். அதற்கு வேறு எங்கே இடம்?

19. கரிச்சான்

ஒரு சிறகு போன பெட்டைக்கு எதிராக நான் வாதாட மாட்டேன். பாலத்துக் கொடி விஷயம் இதுவரை கேள்விப்படாதது. முதுமலை ரோட்டில் பக்கிக்குருவி அடிபட்டுக் கிடப்பதைப் பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே பேச்சு திசைமாற வேண்டாம்.

20. கூண்டுப்பக்கம்

தொடங்குங்கள். ஆனால் பக்கி ரோட்டிலேயே உட்காரும் பறவை, கொடி வேலைக்காகாது. வேகத்தடைதான் கேட்க வேண்டும்.